பத்து நிமிடப் பேட்டரி

மார்ச் 9
பெண்கள் சிறை, இரண்டாம் பிளாக்

குட்டி,

கை எப்படி இருக்கிறது? முதலில் அதை எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் போய்விட்டது, கீழ் உதட்டில் இரண்டு தையல், அவ்வளவுதான். வந்த மூன்றாம் நாள் தண்ணீர் வரிசையில் ஒருத்தி என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். "ஆம்பளையையே அடிச்சிட்டு வந்தியாமே, என்னை அடி பாப்போம்" என்றாள். நான் அடிக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் அவள் முகம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இங்கே எனக்கு "ஸ்பேனர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பதினோரு வருஷம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மெஷினையும் ஈசிஜி மெஷினையும் பழுது பார்த்தேன், அப்போது ஒருத்தரும் ஒரு பட்டமும் தரவில்லை.

நீயும் கோர்ட்டில் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்று வக்கீலம்மா நடந்ததை ஒரு தடவை உனக்கு எழுதச் சொன்னார். இதைப் படித்து முத்திரை குத்தப் போகிற ஜெயிலர் மேடமும் கேட்டுக்கொள்ளட்டும். சனிக்கிழமை உன் கையை உன் வீட்டுக்காரன் உடைத்தான். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை அவனுடைய டிரைவிங் ஸ்கூல் மைதானத்துக்குப் போனேன். பேசத்தான் போனேன். அவன் சிரித்தான். கீழே வீல் ஸ்பேனர் கிடந்தது. எடுத்தேன். வலது கை, இடது முழங்கால், தாடை. மூன்று அடி. ஆத்திரத்தில் கண் மண் தெரியவில்லை. இதுதான் நடந்தது.

உன் தையல் அறைக் கதவுக்கு நான் செய்த பூட்டைப் பற்றிக் கோர்ட்டில் கேட்டால் உள்ளதைச் சொல். பழைய சாமான் கடையில் ஏதோ ஆபீஸ் கதவிலிருந்து கழற்றிப் போட்டிருந்த காந்தப் பூட்டு, கெட்டுப்போன பிரிண்டரிலிருந்து எடுத்த பவர் சப்ளை, நானே சாலிடர் செய்த ஒரு சின்ன போர்டு. ஆபீஸ் கதவைத் திறக்கக் காட்டுகிற பிளாஸ்டிக் அட்டை ஒன்றை அசிட்டோனில் ஊறவைத்து, பிளாஸ்டிக் கரைந்ததும் உள்ளே இருந்த சிப்பையும் கம்பிச் சுருளையும் எடுத்து உன் வளையலுக்குள் வைத்தேன். வளையலைக் காட்டினால் பூட்டும், மறுபடி காட்டினால் திறக்கும். அவன் தோளால் முட்டினாலும் அசையாது. அசைந்ததா? இரண்டு மாதம் அசையவில்லையே.

அந்த வீட்டுப் பக்கம் மட்டும் போகாதே. சித்தி வீட்டிலேயே இரு. சித்தி சமைப்பதைச் சகித்துக்கொள், சிறையில் அதைவிட மோசம்.

அக்கா


மார்ச் 17
சித்தி வீடு

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். வலது கையில் நான்கு கம்பி வைத்திருக்கிறார்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. தையல் கம்பெனியில் வேறு ஒருத்தி என் கட்டிங் மேசையில் நிற்கிறாளாம். சூப்பர்வைசர் போன் செய்து, "உடம்பைப் பாத்துக்கோங்கம்மா" என்றார். வேலை போய்விட்டது என்பதை நாசூக்காகச் சொல்லும் முறை அது.

உனக்கு அன்றைக்கு நடந்தது முழுதாகத் தெரியாது. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தில் உளறியிருப்பேன். இப்போது சொல்கிறேன்.

மத்தியானம் மூன்று மணி. அவர் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தார். தட்டு என் காதோரமாகப் போய் அலமாரிக் கண்ணாடியை உடைத்தது. நான் வழக்கம் போல தையல் அறைக்குள் ஓடி வளையலைக் காட்டினேன். டக் என்று பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சே வரும், அக்கா. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்த இரண்டு மாதம்தான் நான் மனுஷியாக இருந்தேன். அவர் கதவை உதைப்பார், கெட்ட வார்த்தை சொல்வார், அரை மணியில் ஓய்ந்து போவார்.

அன்றைக்கு உதைக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் மின்விசிறி நின்றது. தெருவில் கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். பூட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நீதான் பேட்டரி வைத்திருந்தாயே. அப்புறம் கதவுக்கு வெளியே நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அவர் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. ஜன்னலில் கம்பி. நானும் தையல் மெஷின் பக்கத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தேன். களைத்துவிட்டார் போல என்றுகூட நினைத்தேன், பார்த்துக்கொள் என் புத்தியை.

பச்சை விளக்கு அணைந்தது. நாற்காலி நகர்ந்தது. நான் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. அவரைத் தள்ளிவிட்டு வெளியே ஓடலாம் என்று கதவு நிலையைப் பிடித்தேன். கதவை இழுத்துச் சாத்தினார். முதல் தடவை தெரியாமல் செய்துவிட்டார் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை என் மணிக்கட்டைப் பிடித்து, கையை நிலையில் சரியாக வைத்து, அப்புறம் சாத்தினார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாதிரியே நிதானமாக இருந்தார். ஊரே பொறுமைசாலி என்று சொல்கிற மனுஷன் அல்லவா. மூன்றாவது தடவை எனக்கு நினைவில்லை. வளையல் இரண்டாக உடைந்து கிடந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

இப்போது அவர் போலீஸில் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? கரண்ட் போனதும் உன் கைவேலைப் பூட்டு கோளாறாகி, கதவு தானாக அடித்துக்கொண்டு என் விரலை நசுக்கிவிட்டதாம். அவர் காப்பாற்ற ஓடி வந்தாராம். "மெஷின்னா மெஷினு, அதுவும் வீட்ல ஒக்காந்து செஞ்சது" என்று இன்ஸ்பெக்டரே என்னிடம் சொன்னார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் ஏன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்? விளக்கு அணையும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? உன்னையும் என்னையும் தவிர பேட்டரி பத்து நிமிடம் என்று யாருக்கும் தெரியாது.

குட்டி


மார்ச் 24

குட்டி,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை படிக்க முடியவில்லை.

அவன் ஊகித்திருப்பான். பேட்டரி என்றால் தீரும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். அதைப் போட்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதே. கரண்ட் போனால் பூட்டு திறக்க வேண்டும் என்பது நான் மாற்றவே மாற்றாத விதி. எங்கள் ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூமில் தீப்பிடித்தபோது பூட்டு இறுகிக்கொண்டு உள்ளேயே வெந்துபோன பணியாளரைத் தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. உன்னை அப்படி ஒரு பெட்டிக்குள் வைப்பேனா?

இங்கே ஒரு விஷயம். மணி அடிக்கிற பெல் ஆறு மாதமாக ஊமையாகக் கிடந்ததாம். உடைந்த டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஸ்பீக்கரையும் ஒரு டார்ச் லைட்டின் சுவிட்சையும் வைத்துச் சரிசெய்து கொடுத்தேன். சாலிடரிங் இரும்பு தர மாட்டார்கள், ஆணியைத் தீயில் காய்ச்சிப் பற்றவைத்தேன். விரல் வெந்தது, பரவாயில்லை. இப்போது பெல் வாத்து கத்துகிற மாதிரி கத்துகிறது. என்னைச் சுவரில் மோதியவளே வந்து, "என் கைக்கடிகாரம் ஓடலை, பாக்கிறியா ஸ்பேனர்?" என்று கேட்கிறாள். பார்க்கிறேன் என்றேன். முதலில் என் கண்ணாடிக்குப் பதில் சொல்லட்டும்.

அவன் பக்கத்திலிருந்து யாராவது வந்தார்களா? வருவார்கள். வந்தால் கதவைத் திறக்காதே.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

வந்தார்கள். அவருடைய அண்ணன் வந்தார். சித்தி காபி போட்டுக் கொடுத்தாள். எனக்கு அந்தக் காபியை அவர் தலையில் கொட்டலாமா என்று இருந்தது.

விஷயம் இதுதான். நான் திரும்பிப் போய் அவரோடு இருந்தால், அடித்தது யார் என்று சரியாகப் பார்க்கவில்லை என்று அவர் கோர்ட்டில் சொல்லிவிடுவார். உன் கேஸ் பிசுபிசுத்துவிடும். போகவில்லை என்றால் கொலை முயற்சி. "அவனுக்குத் தாடையில கம்பி, உனக்குக் கையில கம்பி, சரிக்குச் சரி ஆயிடுச்சு. இனிமே ஏம்மா வீம்பு?" என்றார். சித்தி தலையாட்டினாள்.

வக்கீலம்மாவிடம் கேட்டேன். ஆத்திரத்தில் அடித்தாள் என்று நிரூபித்தால் உனக்கு இரண்டு வருஷம். திட்டம் போட்டு அடித்தாள் என்று அவர்கள் நிரூபித்தால் ஏழு. "உங்கக்கா பேசத்தான் போனாங்கனு நான் நம்புறேன். ஜட்ஜ் நம்பணுமே" என்றார்.

நான் போகலாம் என்று நினைக்கிறேன். கத்தாதே, முழுதாகப் படி. அடி எனக்குப் பழக்கம். எந்த நேரத்தில் எப்படி ஒதுங்குவது என்று தெரியும். உனக்குச் சிறை பழக்கமில்லை. நீ எனக்காக உள்ளே கிடக்கிறாய், நான் சித்தி வீட்டு மெத்தையில் படுத்துக்கொண்டு விரலுக்குப் பயிற்சி செய்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி. நீ அவரை அடித்தாய் என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம் வந்தது. சின்ன வயதில் என் பேசும் பொம்மையின் வயிற்றைக் கிழித்து ஸ்பீக்கரை எடுத்து உன் வாசல் மணிக்கு வைத்தாயே, அந்த மாதிரி. உடைந்தது என் கை. அடிக்க வேண்டுமா வேண்டாமா என்று நான்தானே முடிவு செய்திருக்க வேண்டும்? நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை ஒரு போலீஸ்காரம்மா துணையோடு அந்த வீட்டுக்குப் போய் என் துணிகளை எடுத்து வரப் போகிறேன். அவர் இப்போது தன் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். திரும்பி வந்து முடிவைச் சொல்கிறேன்.

குட்டி


ஏப்ரல் 6

உனக்கு எல்லாம் தெரியும்.

தையல் அறையில் அவனுடைய பயிற்சி நோட்டு இருந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பக்கம்: கிளட்ச், கியர், திருப்பம், ரிவர்ஸ், செய்து முடித்ததற்கு எதிரே சிவப்பு மையில் டிக். நடுவில் நான்காக மடித்த ஒரு தாள். அச்செடுத்தது. நீ எழுதுகிற அந்தக் கைவேலைக்காரர்கள் இணையக் குழு. மேலே என் நீலக் கதவின் போட்டோ. என் வளையல் போட்டோ. என் கை. "என் தங்கையின் அறைக்கு ஒரு காந்தப் பூட்டு: படிப்படியான செய்முறை." எழுதியது "கருகிய விரல்". நீ.

அதற்குக் கீழே "புதியவன்" என்று ஒருத்தன். "வணக்கம். எனக்கும் வீட்டில் செய்ய ஆசை. மெயின் சுவிட்ச் ஆஃப் ஆனால் இந்தப் பூட்டு என்ன ஆகும்?"

அதற்குக் கீழே நீ. "அருமையான கேள்வி நண்பரே! யாரும் இதைக் கேட்கவில்லையே என்று வருத்தப்பட்டேன்." அரைப் பக்கம், அக்கா. படத்தோடு. பேட்டரி பத்து நிமிடம் தாங்கும், அதற்குப் பிறகு தானாகத் திறந்துவிடும், ஏன் அப்படி வைத்தேன் என்றால், என்றெல்லாம். கேள்வி செவ்வாய்க்கிழமை. பதில் அன்றைக்கே. என் கை சனிக்கிழமை.

தாளின் ஓரத்தில் அவன் கையெழுத்து. "மெயின் - மாடிப்படிக்குக் கீழே." டிக். "போன் ஹாலில்." டிக். "10 நிமி." டிக்.

"அவன் ஊகித்திருப்பான்" என்று எழுதினாயே. எத்தனை பேர் கைதட்டினார்கள்? தாளிலேயே இருக்கிறது, முன்னூற்றுப் பன்னிரண்டு.

எனக்கு எழுதாதே.


ஏப்ரல் 10
(வக்கீலம்மா கையில்)

குட்டி,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். இதை வக்கீலம்மா தன் பைலில் வைத்து எடுத்து வருகிறார், மேடம் முத்திரை இருக்காது. அதனால் இதில் பொய்யும் இருக்காது.

ஆமாம், தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தெரியும். ஆஸ்பத்திரியில் நீ மயக்கத்தில், "நாற்காலி, நாற்காலி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். வீட்டுக்கு வந்து பல் விளக்கும்போது அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்த் திறந்து பார்த்தேன். "புதியவன்" அந்தச் செவ்வாய்க்கிழமைதான் சேர்ந்திருக்கிறான். அந்த ஒரு கேள்வியைத் தவிர வேறு எதுவும் எழுதவில்லை. அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த படத்தை அன்றைக்கு நான் பெரிதாக்கிப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தேன். கார் பின்னால் மாட்டுகிற "எல்" பலகை.

அதற்கு முந்தின வாரம் அவன் என்னிடம் நேரிலேயே கேட்டான், நினைவிருக்கிறதா? உன் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, "எப்படிங்க இவ்ளோ ஸ்ட்ராங்கா புடிக்குது?" என்று. நான் வாயைத் திறக்கவில்லை. பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதே ஆள் முகம் காட்டாமல் வந்து நண்பரே என்றதும் கொட்டிவிட்டேன். எங்கள் குழுவில் அதுதான் பழக்கம். செய்ததை ஒளிக்கக் கூடாது, புதிதாக வருகிறவன் கேட்டால் முழுதாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிக்கொடுத்துத்தான் நானும் கற்றேன். ஆனால் அது மட்டும் காரணமில்லை. எனக்குப் பெருமை. அந்த மாதத்தின் சிறந்த செய்முறை என்று தேர்ந்தெடுத்திருந்தார்கள். உன் உயிரைக் காப்பாற்றுகிற பொருளைச் செய்துவிட்டு, அதைத் திறக்கும் வழியையும் படம் போட்டு எழுதிவைத்தேன், நான்கு பேர் ஆகா என்று சொல்வதற்காக.

வெட்கத்தில் அந்தப் பக்கத்தை அழித்தேன். அவன் கேள்வியும் சேர்ந்து போய்விட்டது. அவனுக்கு எதிரான ஒரே சாட்சியை நானே அழித்தேன் என்பது சிறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை நான் பேசப் போகவில்லை. ஸ்பேனர் கீழே கிடக்கவில்லை. ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் அறையிலிருந்து எடுத்து என் பையில் வைத்துப் போனேன். அவன் ஒரு அம்மாளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான், அவர் ஸ்டியரிங்கில், இவன் பக்கத்து சீட்டில். "இறங்குங்கம்மா, இன்னைக்கு கிளாஸ் முடிஞ்சிடுச்சு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி ஓடினார். அவன் வலது கையை டாஷ்போர்டில் வைத்திருந்தான். முதல் அடி அதில். எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த குச்சியை மிதித்தால் வருமே, அதுதான். அவன் கதவைத் திறந்து கீழே உருண்டான். இரண்டாவது முழங்காலில். "வேண்டாங்க, வேண்டாங்க" என்றான். என்னை அவன் "ங்க" போட்டுத்தான் எப்போதும் கூப்பிடுவான். அங்கே நிறுத்தியிருக்கலாம், அவனால் எழுந்திருக்கவே முடியாது. "பத்து நிமிஷம் பொறுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு மூன்றாவதைத் தாடையில் அடித்தேன். பல் என் செருப்பில் வந்து விழுந்தது. அப்போது எனக்கு நன்றாக இருந்தது, குட்டி. அதை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.

உனக்காக அடித்தேன் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். பாதி உனக்காக. பாதி, என்னை ஏமாளி ஆக்கினான் என்பதற்காக. நீ கேட்டது சரி. உன் கை, உன் கோபம். அதையும் கழற்றி எடுத்து என் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

அந்தத் தாளை வக்கீலம்மாவிடம் கொடு. கதவு தானாக அடித்தது என்கிற அவன் கதை அதோடு முடியும்.

அக்கா


மே 3
(வக்கீலம்மா கையில்)

குட்டி,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. நீ அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாயோ என்று வக்கீலம்மாவிடம் ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன்.

வக்கீலம்மா சொன்னார். நீ தாளைக் காட்டினாயாம், ஆனால் கையில் கொடுக்கவில்லையாம். காரணமும் சொன்னார். தாள் உள்ளே போனால், அந்தப் பக்கத்தை அழித்தது யார், எப்போது என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை என்று குழுவின் கணக்கிலேயே இருக்கும். ஞாயிறே தெரிந்து செவ்வாய் போனேன் என்றால் அது ஆத்திரம் இல்லை, திட்டம். எனக்கு ஏழு வருஷம்.

ஏழு என்றால் எனக்கு நாற்பத்தாறு வயதாகும். பயமில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். பயமாகத்தான் இருக்கிறது. போன வாரம் பக்கத்து அறைக்காரியைப் பல்துலக்கும் பிரஷைக் கூராக்கிக் கழுத்தில் குத்தினார்கள். ரத்தத்தை நாங்கள்தான் கழுவினோம். இன்னும் என் நகக்கண்ணில் இருக்கிற மாதிரி இருக்கிறது. இதில் ஏழு வருஷமா என்று அன்றைக்கு அழுதேன்.

அழுது முடித்து யோசித்தேன். தாள் உன் பெட்டியிலேயே இருந்தால் நான் இரண்டு வருஷத்தில் வெளியே வருவேன். அவன் இன்றைக்கே வெளியே. கையில் கட்டு பிரித்ததும் இன்னொருத்தியைக் கட்டுவான், அல்லது உன்னையே இழுத்துப் போவான். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுப் பொறுமையாக உட்காரத் தெரிந்தவன் அவன்.

நான் கொடு என்கிறேன். ஆனால் இந்தத் தடவை முடிவு உன்னுடையது. நீ என்ன செய்தாலும் ஏன் என்று கேட்க மாட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 21
சித்தி வீடு

அக்கா,

உன் கேஸும் அவன் கேஸும் ஒன்றாக விசாரணைக்கு வந்த அன்று, கூண்டில் நீ என்னைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால் உனக்கு எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை. அதையும் சேர்த்து எழுதுகிறேன்.

மே மாதம் உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் ஒரு தடவை அந்தத் தாளை அடுப்பில் வைக்கப் போனேன். உன்னைக் காப்பாற்ற இல்லை. உன் "அருமையான கேள்வி நண்பரே"வை இனி ஒருத்தரும் படிக்கக் கூடாது என்ற ஆங்காரத்தில். ஓரம் கொஞ்சம் கருகியது. அப்புறம் அந்த மூன்று டிக் கண்ணில் பட்டது. எடுத்துவிட்டேன்.

நான் சாட்சி சொல்ல ஏறியதும் அவன் வக்கீல் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். "பூட்டு செஞ்சது உங்கக்கா. அது எப்போ திறக்கும்னு சொன்னதும் உங்கக்கா. அப்போ உங்க கைய உடைச்சது யாரும்மா?" என்றார். நான் வலது கையைத் தூக்கி ஜட்ஜ் பக்கம் காட்டினேன். "கதவ திறக்க வழி சொன்னது எங்கக்கா. திறந்த கதவுல என் மணிக்கட்ட புடிச்சு வெச்சு மூணு தடவ சாத்துனது இவன்" என்றேன். இவன் என்று விரலை நீட்ட முயன்றேன், விரல் நீளவில்லை. முழுக் கையையும் நீட்டினேன். ஜட்ஜ் தாளை வாங்கி மூக்குக்கு அருகே வைத்துப் படித்தார். "இந்த டிக்கெல்லாம் யார் போட்டது?" என்று கேட்டார். அவன் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதே சிவப்பு மை. தாடை சரியாகத் திறக்காததால் அவன் ஏதோ முனகினான், யாருக்கும் புரியவில்லை. ஆறு வருஷம் நான் பேசியதும் அந்த வீட்டில் அப்படித்தான் கேட்டிருக்கும்.

அப்புறம் வக்கீலம்மா பயந்த கேள்வி வந்தது. அந்தப் பக்கம் எப்போது அழிந்தது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான், "ஞாயித்துக்கிழம காலையில" என்றேன். உன் தலை அப்போதுதான் நிமிர்ந்தது.

அவனுக்கு ஐந்து வருஷம். உனக்கு ஏழு. அவனை விலங்கு மாட்டி அழைத்துப் போகும்போது அவன் அண்ணன் என் மேல் எச்சில் துப்பினார். துடைத்துக்கொண்டேன். உன்னை அழைத்துப் போனதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை, கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நீ கேட்டதைத்தான் கொடுத்தேன் என்று ஒவ்வொரு நாள் காலையும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். போதவில்லை. உன்னை உள்ளே தள்ளியது நான்தான், அதை வேறு யார் தலையிலும் போட முடியாது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். வரவில்லை. இதுவரை இருநூறு தடவையாவது கதவு சாத்துகிற சத்தம் கேட்டுத் தூக்கத்தில் விழித்திருப்பேன், அதற்கெல்லாம் நீயும் ஒரு காரணம். நீ என்னை மன்னித்தாயா என்றும் தெரியவில்லை. கேட்கப் போவதில்லை.

ஐந்து மாதமாக உன்னைப் பார்க்க ஒரு தடவைகூட வரவில்லை. புதன்கிழமை மனு போட்டிருக்கிறேன். பத்து மணிக்கு வருவேன். பார்வையாளர் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும் கையைக் காட்டு, விரலை மடக்கு என்று ஆரம்பிக்காதே. அழவும் வேண்டாம். முதலில் நான் உன்னைத் திட்ட வேண்டும், அரை மணி நேரமாவது. அதன் பிறகு நீ என்னைத் திட்டு. நேரம் முடிந்துவிட்டால் அடுத்த புதன்கிழமையும் வருகிறேன். ஏழு வருஷம் இருக்கிறது.

குட்டி